திரைக்குக் கீழே ஒரு சாண்

ஒரே கட்சி ஆண்ட நாடுகளின் நாடாளுமன்றத் தேர்தல்களில் இரகசியமாக வாக்களிக்க இடமே இருந்ததில்லை என்று நன்கு படித்தவர்கள்கூட நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இது தவறு, அதுவும் வருங்காலச் சந்ததியையே வழி தவறச் செய்துவிடக்கூடிய தவறு என்பதால் இதை முதலில் திருத்திவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல முடியும். இடம் இருந்தது. எங்கள் தீவுக் குடியரசின் தேர்தல் விதிகளில் முப்பத்தொன்றாம் பிரிவு முழுவதுமே அந்த இடத்தைப் பற்றியதுதான். மூன்று பக்கம் பலகை, நான்காவது பக்கம் கரும்பச்சைத் துணியில் திரை, உள்ளே இடுப்புயரத்தில் சாய்வாக ஒரு மரத்தட்டு, தட்டின் வலப்புறம் ஓர் ஆணி, ஆணியில் ஒன்றரை முழச் சணல் கயிற்றில் கட்டித் தொங்கும் ஒரு பென்சில். திரையின் அடி விளிம்பு தரையிலிருந்து சரியாக ஒரு சாண் மேலே நிற்க வேண்டும், உள்ளே இருப்பது ஒருவர்தான் என்பதை வெளியே இருப்பவர்கள் கால்களை எண்ணித் தெரிந்துகொள்வதற்காக. உள்ளே இருப்பவரை அவசரப்படுத்துவதும், கூப்பிடுவதும், என்ன செய்கிறாய், என்ன வேண்டும் என்று கேட்பதும் ஆறு மாதச் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். நீலாங்கழிப் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு 'அ' பிரிவு அறையின் மூலையில் இவை அத்தனையும் இருந்தன. ஒவ்வொரு தேர்தலுக்கு முன்னும் மாவட்டத்திலிருந்து ஆய்வாளர் வந்து, திரையை முழக்கோலால் அளந்து, பென்சிலைத் தொட்டுப் பார்த்து, பட்டியலில் சரி போட்டுவிட்டுப் போவார். விதிகள் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான்: யாராவது உள்ளே போக வேண்டும் என்று அவை சொல்லவில்லை. அதனால் இருபத்திரண்டு ஆண்டுகளாக யாரும் போகவில்லை.

போகாததற்குக் காரணம் பயம் என்று சொல்வதும் முழு உண்மை அல்ல. அது வெறும் தருக்கம். வாக்குச் சீட்டில் ஒரே ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை அடித்துவிட்டுப் பெட்டியில் போட்டால் எதிர்ப்பு, அடிக்காமல் போட்டால் ஆதரவு. ஆதரிப்பவருக்குப் பென்சில் தேவையில்லை, பென்சில் தேவைப்படாதவருக்குத் திரை தேவையில்லை, ஆகவே திரையை நோக்கி ஒருவர் இரண்டடி நடந்தாலே அவர் பென்சில் தேவைப்படுகிறவர் என்று ஊருக்கே தெரிந்துபோகும். இரகசியம் என்பது அந்த இரண்டடியோடு முடிந்துவிடும். இன்னும் சொல்லப்போனால் சீட்டை மடித்தாலே எதையோ மறைப்பதுபோல் ஆகிவிடுமோ என்று நாங்கள் மடிக்காமலே, பெயர் மேலே தெரியும்படி, பூஜைத் தட்டை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு போய்ப் பெட்டியில் போட்டுவந்தோம்.

நீலாங்கழியில் இருந்தது ஒரு மீன் டப்பா ஆலை, அதைச் சுற்றி வீடுகள், வீடுகளைச் சுற்றி உப்பங்கழி. தேர்தல் நாளன்று காலை ஆறு மணிக்கு ஆலைச் சங்கு ஊதும், பேண்டு வாத்தியம் தொடங்கும், வாக்களித்தவர்களுக்கு மட்டும் பள்ளிக்கூட வராந்தாவில் ஆளுக்கு இரண்டு ஆரஞ்சும் ஒரு கட்டி வாசனைச் சோப்பும் கிடைக்கும். மற்ற நாட்களில் இந்த இரண்டையும் நாங்கள் சுவரொட்டிகளில்தான் பார்த்திருந்தோம். ஆனால் ஆரஞ்சையும் சோப்பையும் விடப் பெரியது பஸ். மாவட்டத்திலேயே எந்த ஊர் முதலில் 'நூற்றுக்கு நூறு' என்று தந்தி கொடுக்கிறதோ அந்த ஊருக்கு அடுத்த தேர்தல்வரை, நான்கு ஆண்டுகளுக்கு, தினமும் இரண்டு தடவை மாவட்டத் தலைநகருக்குப் பஸ் விடுவார்கள். அதுவரை அந்தப் பஸ் ஏழு மைல் தள்ளியிருந்த களிமேட்டுக்கே போய்க்கொண்டிருந்தது. நீலாங்கழிக்காரி யாருக்காவது பிரசவவலி வந்தால் அவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு களிமேட்டுக்கு நடக்க வேண்டும், களிமேட்டுக்காரர்கள் வழியில் நின்று, "என்ன மாமா, இன்னும் ஓட்டுப் போட்டு முடிக்கலையா?" என்று விசாரிப்பார்கள்.

பவழம் திரைக்குள் போனது அப்படிப்பட்ட ஒரு தேர்தலில்.

அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது, ஆலையில் மூடி பொருத்தும் வரிசையில் வேலை. அவளுடைய தம்பி தங்கையா அதே ஆலையில் டப்பா கழுவும் பிரிவில் இருந்தான், வாய் சும்மா இருக்காத ஆள். அந்த ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது அவன் கையிலிருந்த டப்பாவைத் தூக்கிக் காட்டி, "டப்பாவுக்குள்ள அடைச்ச மீன்லகூட சாளை, சூரை, கானாங்கெளுத்தின்னு மூணு வகை இருக்கு. நம்ம ஓட்டுச் சீட்டுல மட்டும் ஒரே வகைதான்" என்றான். நாங்கள் சிரித்தோம். நன்றாகவே சிரித்தோம், சோற்றுப் பருக்கை மூக்கிலேறி இருமியவர்கள்கூட உண்டு. நான்காம் நாள் ஆலையில் கூட்டம் போட்டார்கள், கட்சிச் செயலாளர் தோழர் பொன்னுரங்கம் தீர்மானத்தை வாசித்தார், மக்களின் உணவையும் மக்களின் தேர்தலையும் ஒருசேர இழிவுபடுத்திய தங்கையாவை வடக்கே கல்குவாரிக்கு அனுப்புவதை ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். சிரித்தவர்கள் அத்தனை பேரும் கை தூக்கினோம். பவழத்தின் கை மட்டும் மடியில் இருந்தது. பொன்னுரங்கம் காத்திருந்தார், நாங்களும் தூக்கிய கைகளை இறக்காமல் அவளைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம், தோள் வலித்தது, யாரோ ஒருத்தி பின்னாலிருந்து "சீக்கிரம் தூக்கேண்டி, கை கடுக்குது" என்றாள். பவழம் தூக்கினாள்.

கார்த்திகையில் தேர்தல் வந்தது. எட்டேமுக்காலுக்குள் ஆயிரத்து முந்நூற்றுப் பதினோரு பேர் போட்டு முடித்துவிட்டோம். பட்டியலில் பாக்கி ஒருத்திதான். பவழம் வந்தாள், தேர்தல் அதிகாரியான தலைமையாசிரியர் திருமேனிநாதனிடம் சீட்டை வாங்கினாள், பெட்டியை நோக்கி வராமல் மூலையை நோக்கி நடந்து, திரையை விலக்கி உள்ளே போய், திரும்ப இழுத்து மூடிக்கொண்டாள். பேண்டு வாசித்துக்கொண்டிருந்தவர்கள் பாட்டின் நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். பெரிய மேளக்காரர் மட்டும் கவனிக்காமல் இன்னும் இரண்டு அடி அடித்துவிட்டு அதற்காகப் பிற்பாடு வருத்தப்பட்டார்.

ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து ஆயிற்று. திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள் நின்றன. இடது காலின் சுண்டுவிரலில் நகம் இல்லை, எப்போதோ டப்பா மூடி விழுந்து போனது. என்ன வேண்டும் என்று கேட்கச் சட்டம் இல்லை, கேட்காமல் இருக்க மனம் இல்லை. மனதைவிடச் சட்டம் வசதியாக இருந்ததால் நாங்கள் கேட்கவில்லை. பொன்னுரங்கம் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார், களிமேட்டுல போன தடவை ஒன்பது பத்துக்குத் தந்தி குடுத்தான்."

"இன்னும் ஒரு ஓட்டு விழலையே தோழர்" என்றார் திருமேனிநாதன்.

"விழுந்துரும் சார். திரைக்குள்ள போனவ வெளியே வந்துதானே ஆகணும்? நீங்க போயிட்டு வர்றதுக்குள்ள போட்டிருப்பா. இல்ல, உங்க பேராலதான் பஸ் போச்சுன்னு நான் ஊருக்குச் சொல்லட்டுமா?"

திருமேனிநாதன் இரண்டாங்கிளாஸ் பையன் 'கிணறு' என்பதில் வல்லின றகரத்துக்குப் பதில் வேறெதையாவது போட்டால் அரை மதிப்பெண் குறைப்பவர். முப்பது ஆண்டுகளாகச் சிவப்பு மையைத் தவிர வேறு மை தொட்டறியாதவர். அவர் எழுந்து, பள்ளிக்கூடத்தை ஒட்டியிருந்த தபாலாபீசுக்குப் போய், 'நீலாங்கழி, பட்டியலில் 1312, வாக்களித்தோர் 1312, காலை 9.05' என்று தந்தி கொடுத்துவிட்டுத் திரும்பினார். திரும்பும்போதும் பாதங்கள் அங்கேயே நின்றன. வாக்களிப்பு முடிந்துவிட்டதாக அரசுக்குத் தெரிவித்தாகிவிட்டதால் திரையை விலக்குவது இனிக் குற்றமல்ல என்று பொன்னுரங்கம் விளக்கினார், விலக்கினார்கள். உள்ளே மரத்தட்டு இருந்தது, ஆணி இருந்தது, பவழம் இல்லை, பென்சிலும் இல்லை. திரையை மூடினார்கள். கீழே இரண்டு பாதங்கள் நின்றன.

இதை நாங்கள் புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை. பவழம் வாக்களித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டதாகத் தந்தி சொன்னது. அரசாங்கத் தந்தி சொன்ன பிறகு அவள் அங்கே இருக்க முடியாது. திரை மறைத்த அளவுக்கு அவள் இல்லாமல் போனாள். ஆனால் விதிப்படி திரை ஒரு சாண் குட்டை, அந்த ஒரு சாணுக்குள் இருந்தது எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டிருந்ததால் அதைத் தந்தியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அடுத்த வியாழக்கிழமை பஸ் வந்தது. மாலை போட்டோம்.

பவழத்தின் புருஷன் இருளப்பன் ஆலையில் கொதிகலன் பார்ப்பவன். பெண்டாட்டியைக் காணவில்லை என்று எழுதிக்கொடுக்கப் போலீஸ் நிலையத்துக்குப் போனவனிடம், காணாமல் போகுமுன் கடைசியாக அவள் எங்கே இருந்தாள் என்று கேட்டார்கள், பள்ளிக்கூடத்தில் என்றான், இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்டார்கள், பள்ளிக்கூடத்தில் என்றான், பிறகென்ன என்றார்கள். அவள் பேரில் வரவேண்டிய அரிசியும் எண்ணெயும் மாதந்தோறும் தவறாமல் வந்தன. சாயங்காலம் வேலை முடிந்ததும் அவன் நான்காம் வகுப்புக்கு வந்து, ஒரு செம்புத் தண்ணீரால் அந்தப் பாதங்களைக் கழுவி, துண்டால் துடைத்து, பனிக்காலத்தில் வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் தடவி, அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஆமாம் என்றால் வலது கட்டைவிரல் நிமிரும். இல்லை என்றால் விரல்கள் பத்தும் உள்ளே மடங்கும். "கொளம்புல உப்புக் கூடிப்போச்சு புள்ள, நீ இருந்தா திட்டியிருப்ப" என்பான், கட்டைவிரல் நிமிரும். கணவன் மனைவி பேச்சு என்பதால் அது விசாரணை ஆகாது என்று விட்டுவைத்தோம். ஆனால் அவனும் அவளிடம் ஒன்றே ஒன்றை மட்டும் கேட்கவில்லை, உள்ளே என்ன வேண்டும் என்று. ஆறு மாதம் உள்ளே போய்விட்டால் கால் கழுவ ஆள் இருக்காதே என்பது அவன் கவலை.

பள்ளிக்கூடம் வழக்கம்போல் நடந்தது. பிள்ளைகளுக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பெருக்கும் முறைக்காரர்கள் துடைப்பத்தைப் பாதங்களில் படாமல் வளைத்துப் பெருக்கினார்கள், அழும் பிள்ளைகளை அந்த மூலையில் உட்காரவைத்தால் கட்டைவிரல் அசைந்து சிரிக்கவைத்தது. பழகாதவர்கள் பெரியவர்கள்தான். கூட்டத்தன்று சிரித்த முகங்களும் தூக்கிய கைகளும் எல்லாருக்கும் நினைவிருந்ததால் எங்களால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை, வெட்கப்படுகிறவர்கள் செய்வதுபோலத் தலையைக் குனிந்துகொண்டோம், குனிந்தால் பாதங்கள் கண்ணில் பட்டன. யாருடைய பாதமானாலும் அவளுடையதைப் போலவே இருந்தது, எதிரே வருகிறவரின் இடது சுண்டுவிரலில் நகம் இருக்கிறதா என்றே கண் போயிற்று. எனவே முகத்தையும் பார்க்காமல் காலையும் பார்க்காமல் இருப்பதற்கு மிச்சமிருந்த ஒரே வழியில் இறங்கினோம்: மோவாயைத் தூக்கி, ஓடுகளுக்கும் தென்னை மட்டைகளுக்கும் மேலே எங்கோ பார்த்துக்கொண்டு நடக்கக் கற்றோம். வெளியூரிலிருந்து வந்த பத்திரிகைக்காரர் ஒருவர் இதைப் பார்த்து அசந்துபோய், 'தலை நிமிர்ந்து நடக்கும் ஊர்' என்று தலைப்பிட்டு, ஆலை வாசலில் ஷிப்டு முடிந்து வெளிவரும் எங்களைப் படம் பிடித்துப் போட்டார். எல்லாரும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தப் படம் தலைநகரில் காட்சிக்கு வைக்கப்பட்டதாகக் கேள்வி. அப்படி நடந்ததில் கல்லிலும் வேரிலும் வாசற்படியிலும் இடித்துக்கொள்ளாத கால்விரலே ஊரில் இல்லை. ஊர் மருந்தகம் மாதம் ஒரு புட்டியாக வரவழைத்துக்கொண்டிருந்த டிங்சர் அயோடினைப் பத்துப் புட்டியாக வரவழைக்க ஆரம்பித்தது.

இரண்டாவது தேர்தலுக்கு ஆய்வாளர் வருமுன் திருமேனிநாதன் புதிதாக ஒரு சிவப்புப் பென்சில் வாங்கிச் சணல் கயிற்றில் கட்டி ஆணியில் மாட்டினார். ஆய்வாளர் தொட்டுப் பார்த்துச் சரி போட்டார். பாதங்களைப் பற்றி ஏதும் கேட்கவில்லை, பட்டியலில் அப்படியொரு இனம் இல்லை. அவர் போனதும் திரையை மூடித் திறந்தால் பென்சில் இல்லை. நான்கு ஆண்டு கழித்து மூன்றாவது தேர்தலுக்கு மாட்டியதும் இல்லை. இது ஊரில் பரவியபோது நாங்கள் கொஞ்சம் நஞ்சம் தூங்கிக்கொண்டிருந்ததும் போயிற்று.

"பென்சில் தீரத் தீர எடுத்துக்கிறான்னா என்னய்யா அர்த்தம்? எழுதிக்கிட்டே இருக்கா" என்றார் பொன்னுரங்கம்.

"ஒரு சீட்டுல எவ்வளவு எழுத முடியும் தோழர்?"

"பொடி எழுத்தா எழுதுனா ஆயிரம் பேரு எழுதலாம். அவ கையெழுத்து பொடிதான், சம்பளச் சீட்டுல பார்த்திருக்கேன்."

யாருடைய பெயர்கள் என்று யாரும் கேட்கவில்லை. மோவாய்கள் இன்னும் ஓர் அங்குலம் மேலே போயின.

தேர்தலன்று காலை ஆறு மணிக்குப் பட்டியலில் முதலாவதாகப் பவழத்தின் பெயருக்கு எதிரே சரி போடுவது வழக்கமாயிற்று. எல்லாருக்கும் முன்னால் சாவடிக்கு வந்து நிற்பவள் அவள்தானே. அவளுக்காகப் பெட்டியில் ஒரு சீட்டைத் திருமேனிநாதனே போட்டுவிடுவார். வேட்பாளர் தோழர் எழிலோவியன், நாங்கள் யாரும் நேரில் பார்த்திராதவர், மூன்று தேர்தலிலும் அதே புகைப்படத்தில் அதே வயதில் இருந்தார். பஸ்ஸும் எங்களிடமே இருந்தது. அதில் போய் ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகள், ஆஸ்பத்திரிவரை பொறுக்காமல் பஸ்ஸிலேயே பிறந்த பிள்ளைகள் என்று நாற்பது ஐம்பது பேர் ஊரில் ஓடியாடிக்கொண்டிருந்தார்கள்; அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் நாங்கள் செய்தது அப்படியொன்றும் தப்பில்லை என்று தோன்றும், தோன்றிய அடுத்த நொடியே கால்விரல் எதிலாவது இடிக்கும்.

சனிக்கிழமைதோறும் இருளப்பன் தலைமையாசிரியர் வீட்டு வாசலுக்கு வருவான்.

"ஒண்ணே ஒண்ணு சார். ஆயிரத்து முந்நூத்திப் பன்னெண்டுங்கிறதை ஆயிரத்து முந்நூத்திப் பதினொண்ணுன்னு மாத்தி ஒரு தந்தி. அவ இன்னும் ஓட்டுப் போடலைன்னு ஆயிட்டா அவ இருந்துதானே ஆகணும்?"

"அனுப்பின எண்ணைத் திருத்தறதுக்கு விதி இல்லை இருளப்பா."

"பசங்க நோட்டுல தினம் எத்தனை திருத்துறீங்க?"

"அது அவங்க தப்பு."

இப்படிச் சொன்ன அன்று திருமேனிநாதன் உள்ளே போய்ச் சிவப்பு மைக்கூட்டை எதிரே வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார் என்று அவர் மனைவி சொன்னாள். அதற்குப் பிறகு அவர் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைப்பதை விட்டுவிட்டார். பிள்ளைகள் மகிழ்ந்தார்கள், எங்கள் ஊரில் அந்த வயதொத்தவர்கள் இன்றைக்கும் 'கிணறு' என்பதைப் பல விதமாக எழுதுகிறார்கள். அந்தச் சனிக்கிழமைகள் அறுநூற்றுக்கு மேல் இருக்கும்.

நான்காவது தேர்தலன்று, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, தங்கையா வந்தான். காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினான்; முடி முழுக்க நரைத்திருந்தது, வாக்குரிமை இல்லாததால் ஆரஞ்சும் இல்லை. கல்குவாரியில் சில்லுகளுக்கு நடுவே வேலை செய்தவன் என்பதால் அடியெடுத்து வைக்குமுன் கீழே பார்ப்பது அவனுக்குப் பழக்கம். மோவாயைத் தூக்கிக்கொண்டு நின்ற ஊருக்குள் அவன் ஒருவன் தலைகுனிந்து வந்தான், பள்ளிக்கூடத்துக்குள் வந்தான், திரைக்கு முன்னால் வந்ததும் நின்றான். பாதங்கள் பன்னிரண்டு ஆண்டு மூத்திருந்தன. நகமில்லாத சுண்டுவிரலை அவன் அடையாளம் கண்டுகொண்டான்.

"எங்கக்கா ஏன் மச்சான் இங்க நிக்குது?"

இருளப்பன் சொன்னான். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆகவில்லை. பன்னிரண்டு வருடம் என்றாலும் நடந்தது கொஞ்சம்தான்.

"சரி, அதுக்கு என்ன வேணுமாம்?"

தங்கையா எங்களைச் சுற்றிப் பார்த்தான். எல்லாரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பன்னெண்டு வருசமா யாரும் கேக்கவே இல்லையா?"

"குற்றம்யா அது. ஆறு மாசம்" என்றார் பொன்னுரங்கம்.

"ஆறு மாசமா?" தங்கையாவுக்குச் சிரிப்பு வந்தது, பழைய சிரிப்பு. "அடப் போங்கப்பா. ஆறு மாசத்துக்கா இவ்வளவும்?" அவன் தரையில் உட்கார்ந்து, திரையின் அடியில் உள்ளங்கையை நீட்டி, "அக்கா, நான் தங்கையா. உனக்கு என்ன வேணும், சொல்லு" என்றான்.

பிறகு உள்ளே எங்கோ மரத்தில் மரம் உருளும் சத்தம் கேட்டது, திரைக்குக் கீழேயிருந்து ஒரு சிவப்புப் பென்சில் உருண்டு வந்து அவன் கையில் நின்றது. அடுத்ததாக ஒன்று. மூன்றாவது. அன்று காலையில்தான் மாட்டியிருந்த நான்காவது. நாங்கள் பன்னிரண்டு ஆண்டுகளில் முதல்முறையாகக் கீழே பார்த்தோம். நான்கு பென்சில்களும் கடையில் வாங்கியபடியே இருந்தன, ஆறு பட்டையும் மழுங்காமல், இரண்டு முனையும் தட்டையாக. ஒன்றையும் யாரும் சீவியிருக்கவில்லை.

தங்கையா அவற்றைத் தலைமையாசிரியரின் மேசைமேல், வாக்காளர் பட்டியலுக்குப் பக்கத்தில், வரிசையாக வைத்தான். திருமேனிநாதன் அவற்றைப் பார்த்தார். தன் கையால் வாங்கி, தன் கையால் கட்டி, ஆய்வாளர் தொட்டுப் பார்ப்பதற்காக மட்டுமே தொங்கவிட்ட பென்சில்கள். அவர் சட்டைப்பையில் எந்நேரமும் பாதி பிளேடு ஒன்று காகிதத்தில் சுற்றி இருக்கும், வகுப்பில் தினமும் முப்பது பிள்ளைகளுக்குச் சீவித் தருவார். அதை எடுத்தார். முதல் பென்சிலை எடுத்துச் சீவத் தொடங்கினார். சுருள் சுருளாகச் சீவல் பட்டியலின் மேல் விழுந்தது.

"சார், மணி எட்டேகால். களிமேட்டுல இந்தத் தடவை ஆறு மணிக்கு முன்னாடியே ஆளுகளை வரிசையில நிறுத்திட்டானாம்" என்றார் பொன்னுரங்கம்.

திருமேனிநாதன் முனையை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, மூலைக்குப் போய்க் குனிந்து, பென்சிலைத் திரைக்கு அடியில் நீட்டினார். வாங்கிக்கொள்ள எதுவும் வரவில்லை. பாதங்கள் அசையவில்லை.

"அவதான் ஓட்டுப் போட்டுட்டுப் போயிட்டாளே சார்" என்றான் இருளப்பன், சனிக்கிழமைகளில் பேசும் அதே தணிந்த குரலில். "போட்டவளுக்குப் பென்சில் எதுக்கு? வாங்கிக்கக் கை வேணுமில்ல?"

திருமேனிநாதன் நிமிர்ந்தார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். பொன்னுரங்கம் குறுக்கே வந்தார்.

"பஸ் போயிடும் சார். போனா ஊரு உங்களைச் சும்மா விடாது. கேட்டுப் பாருங்க, இங்கேயே எல்லாரும் இருக்காங்க."

அவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. கை தூக்கச் சொல்லியிருந்தால் எந்தப் பக்கம் தூக்கியிருப்போம் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லை, போய்விட்டார்.

தபாலாபீசில் இருந்த அலர்மேல், முதல் தந்தியை அனுப்பியவளும் அவள்தான், எழுதிக்கொடுத்ததை வாசித்துப் பார்த்தாள். 'பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நீலாங்கழியிலிருந்து அனுப்பிய தந்தியில் பிழை. 1312 என்பதை 1311 எனத் திருத்திக்கொள்ளவும். ஒரு வாக்காளர் இன்னும் வாக்களித்துக்கொண்டிருக்கிறார். பிழை என்னுடையது. திருமேனிநாதன், தேர்தல் அதிகாரி.'

"கையெழுத்தும் போடணுமா சார்?"

"போட்டிருக்கேனேம்மா."

"இல்ல, போடாம அனுப்பினா யாருன்னு தேட அவங்களுக்குக் கொஞ்ச நாள் ஆகும். அதுக்குச் சொன்னேன்."

"இருக்கட்டும்" என்றார். அவள் தட்டினாள்.

அவர் திரும்பி வந்து குனிந்து பென்சிலை நீட்டியபோது திரைக்கு அடியிலிருந்து ஒரு கை வந்து அதை வாங்கிக்கொண்டது. பிறகு மரத்தட்டின்மேல் பென்சில் ஓடும் சத்தம் கேட்டது. நான்காம் வகுப்பு 'அ' பிரிவில் எத்தனையோ ஆண்டுகளாகத் தினமும் கேட்ட சத்தம்தான், அதை நாங்கள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். ஆயிரம் பெயர் எழுதும் நேரம் ஆகவில்லை. ஒரு வரி எழுதும் நேரம்தான் ஆயிற்று.

திரையை விலக்கிக்கொண்டு பவழம் வெளியே வந்தாள். ஐம்பது வயது. பன்னிரண்டு ஆண்டுக்கு முந்தைய சேலை, மடித்த சீட்டு. முகத்தை நாங்கள் பார்க்கவில்லை. அவள் நடக்க நடக்க எங்கள் கண்கள் அவள் பாதங்களோடேயே போயின. பெட்டி வரை போனாள், போட்டாள், தம்பிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மெலிஞ்சுட்டியேடா" என்றாள்.

வராந்தாவில் இருந்த பெண் அவளுக்கு இரண்டு ஆரஞ்சும் சோப்பும் நீட்டினாள். பவழம் ஓர் ஆரஞ்சைத் தங்கையாவிடம் கொடுத்தாள், மற்றதை இருளப்பனிடம் கொடுத்தாள், சோப்பை முகர்ந்து பார்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மூவரும் வீட்டுக்குப் போனார்கள்.

பிற்பகலில் பெட்டியைத் திறந்து எண்ணும்போது அந்தச் சீட்டு பொன்னுரங்கத்தின் கைக்குத்தான் வந்தது. காகிதம் மஞ்சளித்திருந்தாலும் செல்லும். வேட்பாளர் அதே எழிலோவியன்தான். பெயர் அடிக்கப்படவில்லை. அதற்குக் கீழே, சம்பளச் சீட்டில் அவர் பார்த்த அதே பொடி எழுத்தில், 'நானும் கை தூக்கினேன்' என்று இருந்தது. பொன்னுரங்கம் அதை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். பெயர் அடிக்கப்படாத சீட்டு, வேறு என்ன எழுதியிருந்தாலும், ஆதரவுச் சீட்டே என்கிறது நாற்பதாம் பிரிவு. அவர் அதை ஆதரவுக் கட்டின்மேல் வைத்தார்.

தலைநகரிலிருந்து பத்தொன்பதாம் நாள் பதில் வந்தது: பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய தேர்தலின் மொத்த எண்ணிக்கையில் பிழை ஏதும் இல்லாததால் திருத்தம் ஏற்கப்படவில்லை, பிழை செய்த அதிகாரி ஒன்றாம் வகுப்பு ஆசிரியராக இறக்கப்படுகிறார், பஸ் களிமேட்டுக்கு மாற்றப்படுகிறது. வியாழக்கிழமை முதல் நாங்கள் களிமேட்டுக்கு ஏழு மைல் நடந்தோம். கல்லும் வேருமான வழி. அந்த மாதக் கடைசியில் நீலாங்கழி மருந்தகம் மாவட்டத்துக்கு அனுப்பிய தேவைப் பட்டியலில் டிங்சர் அயோடின் இல்லை.